கம்பெனி போன பிறகும் ஓடும் கார்கள்

ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி தாண்டி மின்சார ரயில் திருநின்றவூரில் நிற்கும்போது, ஷிப்டு முடிந்து ஏறும் கூட்டத்தில் பாதிப் பேராவது ஏதோ ஒரு காரின் ஏதோ ஒரு பாகத்தோடு அன்றைய பொழுதைக் கழித்தவர்களாக இருப்பார்கள். டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை ஒன்று இந்த ஊரில்தான் இருக்கிறது. எஃகுத் தகட்டை உருளைகளுக்கிடையே செலுத்தி வளைத்து, கார் கதவின் சட்டமாக்கும் வேலை அங்கே நடக்கிறது. கிழக்கே பாடியில் பிரேக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் சக்கரமும். மேற்கே அதே ரயில் பாதையில் அரக்கோணத்துக்குப் போனால் எம்.ஆர்.எஃப். டயர். ஷோரூமில் பரம எதிரிகளாக நிற்கும் இரண்டு கார்களின் பாகங்கள் இந்த வட்டாரத்தில் ஒரே கூரையின் கீழ், ஒரே மிஷினில், காலை ஷிப்டில் ஒன்றும் மாலை ஷிப்டில் மற்றொன்றுமாக உருவாவது இங்குள்ளவர்களுக்கு அதிசயமே இல்லை. முகப்பும் பெயரும் வேறு, உள்ளே இருப்பதில் பலதும் பொது.

டூரிங் கார் பந்தயத்தில் அறுபது வருடமாக ஓயாத சண்டை இதைப் பற்றியதுதான்.

டூரிங் கார் என்பது ரோட்டில் ஓடும் சாதாரணக் காரைப் பந்தயத்துக்கென்று மாற்றியது. சீட்டுகளைப் பிடுங்கி, கம்பளத்தை உரித்து, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டி (ரோல் கேஜ் என்பார்கள்), இன்ஜினைத் தட்டிக்கொட்டிச் சீர்செய்து ஓட்டுவார்கள். கதவு ஏறக்குறைய வெறும் தகடாகிவிடும். அதற்குப் பின்னால் குறுக்கே போகும் குழாய்தான் ஓட்டுநரின் விலா எலும்புக்குக் காவல். பார்ப்பவருக்கு அது தன் வீட்டு வாசலில் நிற்கும் கார் மாதிரியே தெரிய வேண்டும். ஃபார்முலா பந்தயத்துக்கு இல்லாத கவர்ச்சி அது. ஆனால் அந்தக் காரைக் கட்டுவது யார்? தயாரித்த கம்பெனியே பணம் போட்டு அணி நடத்த வேண்டுமா, அல்லது கியர்பாக்ஸ், பிரேக், சப்ஃபிரேம், டயர் எல்லாவற்றையும் பொதுவாக்கிவிட்டு யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டுமா? முதல் வழியில் பணம் கொட்டும், ஒருநாள் சட்டென்று நின்றுவிடும். இரண்டாவது வழியில் பந்தயம் நீடிக்கும், ஆனால் எல்லாக் காரும் ஒரே கார் போலாகிவிடும் என்று ரசிகர்கள் முணுமுணுப்பார்கள்.

இந்த இரண்டு காலங்களையும் தன் உடம்பாலேயே அளந்து காட்டிய ஒரு மனிதர் இருக்கிறார். இத்தாலிக்காரர் கேப்ரியேல் தர்குவினி. 1994-இல் பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் ஆல்ஃபா ரோமியோ கம்பெனியின் அதிகாரபூர்வ அணிக்காக ஓட்டினார். அந்த வருடம் அங்கே ஃபோர்டு, டொயோட்டா, நிசான், பி.எம்.டபிள்யூ., ரெனோ, வோல்வோ என்று பத்து கம்பெனிகள். வோல்வோ தன் 850 எஸ்டேட் வண்டியையே, அதாவது பின்னால் சாமான் ஏற்றும் நீளப் பெட்டி வண்டியையே, பந்தயத்துக்கு இறக்கியது. ஜெயிக்காது என்று தெரியும். ஆனால் அந்த வண்டியை இன்றைக்கும் ஆட்கள் மறக்கவில்லை. விளம்பரக் கணக்கில் அது பெரிய லாபம். ஆல்ஃபாவோ, ரோட்டில் விற்கும் காரில் இருப்பதைத்தான் பந்தயக் காரிலும் வைக்கலாம் என்ற விதிக்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டுபிடித்தது: விற்கும் காரின் டிக்கியில், இறக்கையை நீட்டி வைப்பதற்கான துண்டுகளைப் போட்டுக் கொடுத்துவிட்டது. மாட்டுவதும் மாட்டாததும் வாங்கியவர் இஷ்டம். மற்ற அணிகள் கொதித்தன, புகார் போனது, ஓல்டன் பார்க்கில் ஆல்ஃபா அணி கோபித்துக்கொண்டு மூட்டை கட்டிக் கிளம்பியது, பிறகு சமாதானமாகித் திரும்பி வந்தது. பட்டமும் தர்குவினிக்கே.

கம்பெனிகள் மோதும்போது பந்தயம் எவ்வளவு ருசிக்கும் என்பதற்கு அந்த சீசனே சாட்சி. எவ்வளவு சீக்கிரம் ஜீரணிக்காமல் போகும் என்பதற்கு அடுத்த ஆறு வருடங்கள் சாட்சி. செலவு வருடா வருடம் ஏறி, 2000-இல் முதல் வகுப்பில் மிஞ்சியவை ஃபோர்டு, ஹோண்டா, வாக்ஸால் மூன்றுதான். ஒரு கம்பெனி ஒரு சீசனுக்கு ஒரு கோடி பவுண்டு வரை செலவழிப்பதாக அப்போது பேச்சு. தனியார் அணிகள் எப்போதோ காணாமல் போயிருந்தன. அதே கதை ஜெர்மனியில் இன்னும் கொடூரமாக நடந்தது. அங்கே 1996-இல் ஆல்ஃபா, ஓப்பல், மெர்சிடிஸ் மூன்றும் விமானத்துக்குப் போட வேண்டிய மின்னணுச் சாதனங்களைக் காரில் ஏற்றி ஓட்டின. சீசன் முடிந்ததும் ஆல்ஃபாவும் ஓப்பலும் விலகின. ஒற்றைக் கம்பெனி யாரோடு பந்தயம் ஓட்டும்? கடையை மூடிவிட்டார்கள்.

பிரிட்டன் இதிலிருந்து கற்ற பாடம் 2011-இல் வந்த புதிய விதிகளில் தெரிகிறது. கூடு மட்டும் உண்மையான காருடையது. முன்னும் பின்னும் வரும் சப்ஃபிரேம், கியர்பாக்ஸ், பிரேக், மின்னணுப் பெட்டி எல்லாம் எல்லாருக்கும் ஒன்றே, குறித்த விலைக்கு ஒரே இடத்தில் வாங்க வேண்டும். சொந்தமாக இன்ஜின் செய்ய முடியாத அணிக்கு வாடகைக்கு ஒரு பொது இன்ஜினும் உண்டு. அதாவது ஒரு தனியார் அணி, எந்தக் கம்பெனியையும் கெஞ்சாமல், பிடித்த காரின் வெறுங்கூட்டை வாங்கி வந்து பந்தயக் கார் ஆக்கலாம். இதன் உச்சம் 2020. இன்ஃபினிட்டி என்ற சொகுசுக் கார் பிராண்டு மேற்கு ஐரோப்பாவிலிருந்தே கடையைக் கட்டிக்கொண்டு போயிருந்தது. அந்த வருடமும் அடுத்த வருடமும் பிரிட்டிஷ் பட்டத்தை ஆஷ் சட்டன் வென்றது இன்ஃபினிட்டி க்யூ50 காரில். ஷோரூமே இல்லாத கார், சாம்பியன்!

இங்கே ஒரு கேள்வியை எழுப்பியாக வேண்டும். பொது உதிரிபாகம்தான் மருந்து என்றால், மூடிய கடையை மறுபடி திறந்த ஜெர்மனியின் இரண்டாம் ஆட்டம் ஏன் பிழைக்கவில்லை? அங்கே 2012 முதல் கார்பன் ஃபைபர் உடல்கூடு தொடங்கி எத்தனையோ பாகங்கள் பொதுவாக்கப்பட்டன. ஆடி, பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் மூன்றும் ஓட்டின. 2018 முடிவில் மெர்சிடிஸ் போனது, 2020 முடிவில் ஆடி போனது, அந்த வடிவமும் முடிந்தது. அடுத்த வருடம் விதிகளையே மாற்றி வேறு வகைக் கார்களுக்குப் போய்விட்டார்கள். பாகம் பொதுவாக இருந்தும் காரை வெளியாள் வாங்கிக் கட்டுப்படியாக நடத்த வழியில்லை. ஆக, எத்தனை பாகம் பொது என்று எண்ணிக்கொண்டிருப்பது தவறான கணக்கு. கம்பெனி எழுந்து போனால் அந்தக் காரைத் தொடர்ந்து ஓட்ட இன்னொருவருக்கு வழி இருக்கிறதா என்பதே சரியான கணக்கு.

உலக அளவிலும் அதுதான் நடந்தது. 2014-இல் சிட்ரோயன் பெரும்படையோடு வந்து உலக டூரிங் கார் பட்டத்தை மூன்று வருடம் வாரிச் சுருட்டிவிட்டு 2016 முடிவில் விலகியது. ஒரு வருடம் தள்ளாடிய பிறகு, 2018-இல் டி.சி.ஆர். என்ற விதிமுறைக்கு மாறினார்கள். இதில் காரைக் கம்பெனியே கட்டும். ஆனால் தானே அணி வைத்து ஓட்டக் கூடாது, கேட்பவருக்கு விற்க வேண்டும். இரண்டு லிட்டர் டர்போ இன்ஜின், முன் சக்கர இயக்கம், 350 குதிரைசக்தி அளவு. ஒரு கார் கொஞ்சம் வேகமாகத் தெரிந்தால் எடையை ஏற்றி, சக்தியைக் குறைத்துச் சமப்படுத்துவார்கள். முதல் வருடச் சாம்பியன் யார் தெரியுமா? அதே தர்குவினி. வயது 56. கார், ஹூண்டாய் ஐ30 என். அடுத்த வருடப் பட்டமும் அதே காருக்கு, நார்பர்ட் மிஷெலிஸ் மூலம். அந்தத் தொடரும் 2022-க்கு மேல் நீடிக்கவில்லை. அந்தக் கடைசி வருடத்தில், எல்லாருக்கும் பொதுவான டயரின் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஒரு முன்னணி அணி நடுவழியில் வெளியேறியது. பொதுப் பாகம் பழுதானால் எல்லார் வீட்டிலும் ஒரே நாளில் விளக்கு அணையும் என்பது அதன் மறுபக்கம்.

ஹூண்டாய் என்றதும் இருங்காட்டுக்கோட்டைக்குப் போயாக வேண்டும். சென்னை-பெங்களூரு சாலையில் ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கும் அதே ஊரில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம், 3.717 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். தடம் வந்தது 1990-இல். 1998-இல் பக்கத்திலேயே சான்ட்ரோ உற்பத்தியாகத் தொடங்கியது. உலக டூரிங் கார் பட்டத்தை அடுத்தடுத்து வென்ற கம்பெனியின் ஆலையும் இந்தியாவின் மூத்த டூரிங் கார் தடமும் அண்டை வீட்டுக்காரர்கள். ஆனால் இந்தத் தடத்தில் வருடக்கணக்காக மொய்த்தவை ஹோண்டா சிட்டியும் மாருதி எஸ்டீமும். ஒன்று நொய்டா பக்கம், இன்னொன்று குருகிராம் பக்கம் பிறந்தவை. ஆலை பக்கத்தில் இருப்பதற்கும் பந்தயத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால், வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்துக்கே திரும்ப வேண்டும். கும்மிடிப்பூண்டி போகும் நெடுஞ்சாலையில் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1950-கள் தொடங்கி 1980-களின் இறுதி வரை மெட்ராஸின் கார், பைக் பந்தயங்கள் அங்கேதான். வைக்கோல் கட்டு எல்லை, கான்கிரீட் தரை, உச்சி வெயில், வண்டி கட்டிக்கொண்டு வரும் ஜனம். லைசென்ஸ் ராஜ் காலத்தில் ஓட்டுவதற்குக் கிடைத்த கார்களை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம்: ஃபியட், அம்பாசிடர், மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எந்தக் கம்பெனிக்கும் பந்தயத்தில் ஜெயித்துக் காரை விற்க வேண்டிய அவசியமில்லை. முன்பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் வரிசையே போதுமானதாக இருந்தது. ஆக, இந்திய டூரிங் கார் பந்தயம் பிறக்கும்போதே கம்பெனி இல்லாத வீட்டில் பிறந்தது. விதி போட்டு யாரும் பாகங்களைப் பொதுவாக்கவில்லை. வேறு பாகமே கிடைக்காததால் அவை பொதுவாயின.

இந்த வறுமையை ஒரு முறையாக மாற்றியவர் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன். 1980-களின் இறுதியில் மாருதி 800-இன் சின்ன இன்ஜினை வைத்து அவர் உருவாக்கிய ஒற்றை இருக்கைக் கார்தான் ஃபார்முலா மாருதி. எல்லாருக்கும் ஒரே இன்ஜின். கெட்டுப்போனால் எந்த ஊர்க் கடையிலும் பாகம் கிடைக்கும். பந்தய ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் 1990-களின் தொடக்கத்தில் முதலில் ஏறி உட்கார்ந்தது இதில்தான். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். கோவையை அடுத்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயர். அது டூரிங் கார் அல்ல, உண்மை. ஆனால் பிரிட்டன் 2011-இல் எழுதி வைத்த ஞானம், கோவைப் பட்டறையில் இருபது வருடம் முன்பே கிரீஸ் கையோடு உட்கார்ந்திருந்தது என்று சொன்னால் மிகையில்லை. மாருதி கம்பெனி பந்தயத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும், மாருதியின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை எப்போதும் திறந்திருந்தது.

1990-களுக்குப் பிறகு கார்கள் பெருகின. இருங்காட்டுக்கோட்டையில் இந்தியன் டூரிங் கார், ஜூனியர் டூரிங் கார், சூப்பர் ஸ்டாக் என்று வகுப்புகள் பிரிந்தன. டூரிங் கார் வகுப்பில் கைவேலைக்கு நல்ல இடம் உண்டு. இந்தியாவில் விற்ற முதல் தலைமுறை ஹோண்டா சிட்டியின் 1.5 லிட்டர் விடெக் இன்ஜின் ஷோரூமிலிருந்து வரும்போதே 106 குதிரைசக்தி. அதை வாங்கி, கேம்ஷாஃப்டை மாற்றி, சிலிண்டர் ஹெட்டில் காற்று போகும் வாயைக் குடைந்து மெருகேற்றி, மின்னணுப் பெட்டியின் கணக்கைத் திருத்தி ஓட்டுவார்கள். கோவையின் அர்ஜுன் பாலு போன்றவர்கள் தேசியப் பட்டங்களை வென்றது இப்படிப்பட்ட கார்களில். ஒரு காரின் ரகசியம் தெரிந்துவிட்டால் அடுத்தவரும் அதே காரை வாங்குவார். பத்துப் பேர் வாங்கினால் அதற்கென்று உதிரிபாகம் சேர்ப்பவர், பிஸ்டன் வரவழைப்பவர், கியர் வெட்டும் லேத் பட்டறைக்காரர் எல்லாம் உருவாகிவிடுவார்கள். விதிப் புத்தகம் செய்யாததைச் சந்தை செய்தது. யாரும் உத்தரவு போடாமலே ஹோண்டா சிட்டி ஒரு பொதுக் கார் ஆனது, அந்த மாடலை ஹோண்டா விற்பதை நிறுத்திப் பல வருடம் ஆன பிறகும்.

திருவள்ளூருக்கே இதில் ஒரு பங்கு உண்டு. 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்களை இந்துஸ்தான் மோட்டார்ஸ் இங்குதான் பொருத்தி அனுப்பியது. 2006-இல் வந்தது இரண்டு லிட்டர் சீடியா. ஷோரூமில் அது ஓகோவென்று விற்கவில்லை. ஆனால் தேசிய ராலிகளில், எம்.ஆர்.எஃப். அணியின் கையில், வருடக்கணக்கில் அசைக்க முடியாத கார் அதுதான். கவனிக்க வேண்டியது, அந்தக் காரை முன்னே நிறுத்தியது காரைத் தயாரித்தவர் அல்ல, டயர் தயாரித்தவர். பிறகு அதே ஆலையில் கொஞ்ச காலம் இசுசுவுக்கு ஒப்பந்த வேலை நடந்தது. 2016-இல் இசுசுவும் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்து போய்விட்டது. திருவள்ளூர்க் கூடம் மௌனமான பிறகும் சீடியாக்கள் மண் பாதைகளில் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தன.

இந்த வட்டாரத்தில் இதற்கென்றே ஒரு பழங்கதை இருக்கிறது. காஞ்சியில் பல்லவ மன்னன் கற்கோயில் கட்டி, குடமுழுக்குக்கு நாள் குறித்துவிட்டான். சிவன் கனவில் வந்து, அன்றைக்கு வேறிடத்தில் வேலை இருக்கிறது, திருநின்றவூர்ப் பூசலார் கட்டிய கோயிலுக்குப் போக வேண்டும் என்றாராம். மன்னன் தேடிக்கொண்டு வந்தால் ஊரில் அப்படி ஒரு கோயிலே இல்லை; பணமில்லாத பூசலார் அதைத் தன் மனசுக்குள் கட்டியிருந்தார். தனியார் பந்தய அணி நடத்துகிறவர்களில் பாதிப் பேர் பூசலாரின் வகையறா. கியர்பாக்ஸுக்குக் காசு சேரும் முன்பே கார் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். வித்தியாசம், பூசலாருக்கு வெல்டிங் செலவில்லை.

மன்னர்கள் வராமலும் இல்லை. 2010-இல் ஃபோக்ஸ்வேகன் போலோ கப் தொடங்கியது. டீசல் போலோக்கள், எல்லாம் ஒரே மாதிரி, கம்பெனியே வைத்துப் பராமரிக்கும். ஓட்டுநர் கட்டணம் கட்டி, ஹெல்மெட்டோடு வந்தால் போதும். அதன் பிறகு வென்டோ, 2017-இல் அமியோ என்று கார் மாறிக்கொண்டே வந்தது. ஷோரூமில் எது புதிதோ அதுவே தடத்திலும். டொயோட்டா 2012-13-இல் எட்டியோஸ் பந்தயம் நடத்தியது. டாடா 2014-இல் கிரேட்டர் நொய்டாவின் புத் தடத்தில் லாரிப் பந்தயமே நடத்தியது. கூட்டம் அம்மியது, நாலு வருடத்தில் அதுவும் நின்றது. இவற்றால் நன்மை இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. பாதுகாப்பான கார், நல்ல ஏற்பாடு, டிவியில் காட்டுவது, ஓட்டுகிறவனின் திறமை மட்டும் தெரிவது எல்லாம் அதனால் வந்தவை.

இழந்தது மெக்கானிக். ஒரே கம்பெனி நடத்தும் ஒரே காரின் பந்தயத்தில் இன்ஜினுக்குச் சீல் வைத்திருக்கும். மெல்லிய கம்பி ஒன்று போல்ட்டின் ஓட்டைக்குள் நுழைந்து வந்து ஈயக் குண்டில் முடிந்திருக்கும். அது அறுந்தால் அன்றைய பந்தயம் அவ்வளவுதான். ஸ்பேனரோடு நிற்பவருக்கு டயர் காற்றழுத்தத்தையும் கொஞ்சம் சஸ்பென்ஷனையும் தவிரத் தொட எதுவும் இல்லை. சிட்டி, எஸ்டீம் காலத்துப் பட்டறைகளில் ஒரு பையன் மூன்று வருடத்தில் கற்றுக்கொண்ட வித்தையை இந்த ஏற்பாட்டில் பத்து வருடமானாலும் கற்க முடியாது. பாடியிலும் ஆவடியிலும் அம்பத்தூரிலும் கைத்திறன் குவிந்து கிடக்கும் மாநிலத்தில் அது சின்ன நஷ்டமல்ல. பொதுப் பாகம் வேறு, பூட்டிய பாகம் வேறு. பிரிட்டனில் கியர்பாக்ஸ் பொது; அதை எந்தக் காரில், எப்படிப் பொருத்தி ஜெயிப்பது என்பது அணியின் மூளை. சீல் வைத்த காரில் அந்த மூளைக்கு விடுமுறை.

இத்தனைக்கும் நடுவில் இங்கே மாறாமல் நிற்கும் ஒரே பொதுப் பாகம் டயர். இருங்காட்டுக்கோட்டையில் எம்.ஆர்.எஃப்., கோவையில் ஜே.கே. டயர். கார்க் கம்பெனிக்குப் புது மாடல் வந்தால் பழைய மாடலின் பந்தயத்தில் ஆர்வம் போய்விடும். டயர்க் கம்பெனிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. எந்தக் கார் ஓடினாலும் டயர் தேயும். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய நிறுவனம், பல வருடங்களாக வந்துபோன கார்க் கம்பெனிகளையெல்லாம் தாண்டிப் பந்தயத்துக்குப் பக்கத்திலேயே நிற்பதன் ரகசியம் அதுதான். தயவல்ல, கணக்கு. அந்தக் கணக்கு மாறினால் என்ன ஆகும் என்பது ஐரோப்பியர்கள் கார்க் கம்பெனிகளைப் பற்றிக் கேட்கும் அதே கேள்விதான். இங்கே அதை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை.

டொயோட்டா விட்டுப்போன எட்டியோஸ்களின் கதையையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனியின் பந்தயம் நின்றது. 2020-இல் காரின் உற்பத்தியும் இந்தியாவில் நின்றது. ஆனால் கூண்டு கட்டிய எட்டியோஸ்கள் எம்.ஆர்.எஃப். சலூன் கார் என்ற பெயரில் அதே தடத்துக்குத் திரும்பி வந்தன. டூரிங் கார் பந்தயத்தில் இன்ஜினைவிட அதிகம் அடிபடுவது உடம்பு: முதல் திருப்பத்திலேயே பம்பர் பிய்யும், இரண்டாவதில் கதவு ஒடுங்கும், விளக்கு தெறிக்கும். ரோட்டில் எட்டியோஸ் பெரும்பாலும் டாக்ஸியாக ஓடிய கார்; டாக்ஸிகள் அதிகமும் டீசல், பந்தயக் காரோ பெட்ரோல். இன்ஜின் ஒத்துவராது. கதவும் பானெட்டும் பம்பரும் கச்சிதமாக ஒத்துவரும். சென்னையில் பழைய டாக்ஸி ஒன்று காயலான் கடைக்குப் போய், புதுப்பேட்டைச் சந்தில் பிரித்து அடுக்கப்படும்போது, மஞ்சள் பட்டை மங்கிய அதன் வலது கதவை விலை கேட்டு ஒருவர் நிற்கலாம். கடைக்காரர் கேட்பார், வண்டி எங்கே ஓடுகிறது, ஏர்போர்ட்டா, சென்ட்ரலா என்று.